மூன்று தட்டும் நான்கு வார்ப்பும்

அத்தியாயம் 5

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜானெல் ப்ரூயிட் தன் கணவரின் ஈயத்தைத் திருடிக்கொண்டிருந்தாள். தெருவின் எதிர்ப்பக்கம் என் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கராஜ் கதவைப் பாதி மட்டும் தூக்கி, குனிந்து வெளியே வந்தாள். கையில் பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் நீலப் பெட்டி. இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றில் முட்டுக்கொடுத்து, நான்கு எட்டுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். காரின் பின்சீட்டில் அதை வைத்தபோது கார் ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

"சாண்ட்விச் இவ்வளவு கனமா பாஸ்? எங்க வீட்டுச் சமையலா இருந்தா நம்பலாம்" என்றேன்.

பாஸ் சிரிக்கவில்லை. கோரின் ஹேஸ்லெட் காலை காப்பி முடியும்வரை எதற்கும் சிரிப்பதில்லை. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளை மோப்பம் பிடித்த பெண்மணி. எரிந்த சோபா எரிவதற்கு முன்பே கிழிந்திருந்ததா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நான் லாய்ட் பெக்கம். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, முட்டி தேய்ந்து, இப்போது இவருக்கு வண்டி ஓட்டுகிறேன். குழந்தைகளாவது இறங்கும்போது நன்றி சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் துப்பறியும் ஆபீஸ் படி ஏறி வந்தவள் டார்லீன். ஓரின் ப்ரூயிட்டின் ஒரே மகள், முதல் மனைவி ஓப்பல் பெற்றவள். ஓப்பல் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஓரின் போன வருஷம் ஏப்ரலில் ஜானெலைக் கட்டிக்கொண்டார். அவருக்கு எழுபத்தொன்று, அவளுக்கு நாற்பத்தொன்பது. ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் பேசியவன்தான்.

"அவ எங்க அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமா கொல்றா" என்றாள் டார்லீன். கைப்பையிலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

ஓரின் மரம் அறுக்கும் ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாகத் தன் துப்பாக்கிகளுக்கு வேண்டிய தோட்டாவைத் தானே வார்த்துக்கொள்கிறவர். எங்கள் பள்ளத்தாக்கில் அது ஒன்றும் அதிசயமில்லை. டயர் கடையில் கழித்துப்போடும் சக்கர எடைக்கட்டி, பழைய கூரைத் தகடு, கிடைத்த ஈயத்தையெல்லாம் உருக்கிக் கட்டியாக்கி வீட்டில் அடுக்கி வைப்பார்கள். போதும் என்று நிறுத்திய ஆளை நான் பார்த்ததில்லை. ஓரின் கராஜில் ஒரு டன்னுக்கு மேல் இருந்தது.

நாற்பது வருஷம் வார்த்தும் அவர் ரத்தத்தில் ஈயம் ஒன்பது மைக்ரோகிராமைத் தாண்டியதில்லை. அவ்வளவு சுத்தக்காரர். ஜானெல் வந்து ஆறு மாதத்தில் பதினேழு. டாக்டர் பயந்துபோய் வார்ப்பை நிறுத்தச் சொன்னார். அவரும் போன நவம்பரிலேயே உலையை அணைத்துவிட்டார். ஆனாலும் வசந்தத்தில் இருபத்தாறு, போன வாரம் முப்பத்தெட்டு. வயிற்று வலி, மறதி, மணிக்கட்டு துவண்டு காப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியவில்லை. அதே மேஜையில் அதே சாப்பாட்டைச் சாப்பிடும் ஜானெலுக்கு எவ்வளவு தெரியுமா? இரண்டு.

ஷெரிஃப் ஆதாரம் கேட்கிறாராம். திங்கட்கிழமை காலை புகார் கொடுத்துவிட்டு, ஜானெலை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு, அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் டார்லீன். அறைகூடத் தயாராம். "என் கண்ணு முன்னாடி வெச்சு, என் கையால சமைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள்: கராஜில் ஈயக்கட்டி குறைந்துகொண்டே வருகிறது, பூட்டைக்கூட ஜானெல் மாற்றிவிட்டாள்.

இப்போது குறைகிற ஈயம் எங்கள் கண் முன்னால் காரில் ஏறிவிட்டது.

"கையும் களவுமா பிடிச்சாச்சு. போய் அமுக்கிடலாமா?" என்றேன்.

"திருடறவங்க கனமான பொருளைக் கனமில்லாத மாதிரி தூக்கி நடப்பாங்க, லாய்ட். இந்தம்மா நடிக்கவே இல்லையே. எங்க போறான்னு பாரு" என்றார் பாஸ்.

ஜானெல் ஊரைத் தாண்டி ஆற்றோரமாக ஆறு மைல் போனாள். இடது பக்கம் துப்பாக்கி கிளப் மைதானத்தில் திரும்பினாள். ஞாயிறு காலையில் அங்கே யாரும் சுடுவதில்லை. பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் எமெட் ஸ்லோகம் நின்றிருந்தார். கிளப் தலைவர், ஓரினின் பழைய கூட்டாளி. ஓரினின் மனைவியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போடாத குறையாகச் சிரித்தார். எனக்கு ஒரே நொடியில் முழுக்கதையும் பிடிபட்டுவிட்டது. ஈயத்தைக் கடத்துகிறவள், காத்திருக்கும் ஆண்பிள்ளை, வீட்டில் நோயாளிக் கணவன். இந்த மாதிரிக் கதையில் கடைசியில் யார் சாவார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பாஸ் நேராக இறங்கி நடந்தார். மறைந்திருந்து பார்ப்பது, ஜன்னலில் காது வைப்பது எல்லாம் அவருக்குப் பிடிக்காது, இடுப்பு வலிக்குமாம்.

"எமெட், கொட்டகையை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டபடி உள்ளே போய்விட்டார்.

ஜானெல் கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். மார்ச் மாதத்திலிருந்து கொண்டுவருகிறாளாம், ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டி. வீட்டில் ஈயம் இருக்கக் கூடாது என்று அவள் சொன்னபோது ஓரின் சண்டை பிடித்திருக்கிறார். கட்டியாக இருக்கும் ஈயம் சும்மா கிடந்தால் யாரையும் கடிக்காது, கையைக் கழுவினால் போதும் என்பது அவர் வாதம். அதனால்தான் பூட்டை மாற்றி, அவருக்குத் தெரியாமல் அவள் சுமக்கிறாள். எமெட் சாட்சிக்குத் தலையாட்டினார். மூலையில் மரப்பலகைமேல் அவள் கொண்டுவந்து சேர்த்த ஈயம் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

பாஸ் அவளை அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "ஒரே அடுப்பு, ஒரே மேஜை. அவருக்கு முப்பத்தெட்டு, உங்களுக்கு ரெண்டு. அது எப்படி?"

ஜானெல் தன் கைகளையே பார்த்தாள்.

"தெரியல. குழாயை மாத்தினேன். காப்பிப் பாத்திரத்தை மாத்தினேன். அவர் குடிக்கிற கோப்பைலயே நானும் குடிச்சுப் பார்த்தேன். அவருக்கு மட்டும் ஏறுது. இப்பல்லாம் நானே என்னைச் சந்தேகப்படறேன். தெரியாம நான்தான் ஏதோ பண்றேனோன்னு."

அழகாகத்தான் சொன்னாள். பஸ் ஓட்டிய காலத்தில் வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று இதைவிட அழகாகச் சொன்ன பிள்ளைகள் எனக்குத் தெரியும். நான் எதையும் நம்பவில்லை.

பாஸ் அதற்குள் அடுக்கின் முன்னால் மண்டியிட்டு, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஈயக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நான்கு குவியல் சேர்ந்தது. ஒன்று, ரொட்டி வேகவைக்கும் தட்டில் வார்த்த நீளக்கட்டி. இன்னொன்று குட்டி மஃபின் அளவு. மூன்றாவது பெரிய மஃபின் அளவு, வழவழப்பாக. நான்காவதும் பெரிய மஃபின்தான். ஆனால் சுற்றிலும் பூவிதழ் மடிப்பு.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. வார்க்கிறவர்கள் எல்லோரும் பழைய சமையல் தட்டைத்தான் அச்சாக வைத்துக்கொள்வார்கள். மஃபின் தட்டு கிட்டத்தட்ட நம் பணியாரக்கல்தான். ஆறு குழி, உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் கவிழ்த்தால் ஆறு கட்டி. சைசும் கைக்கு அடக்கம், அடுக்கவும் வசதி.

"எமெட், ஓரின்கிட்ட மொத்தம் எத்தனை தட்டு?" என்று கேட்டார் பாஸ்.

"மூணு பார்த்திருக்கேன். சுவத்துல ஆணியில மாட்டியிருப்பார். விளிம்புல ஓட்டை போட்டிருக்கும்."

"மாட்டறதுக்கா ஓட்டை?"

எமெட் என்னைப் பார்த்து, இவங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். "ஏம்ப்பா லாய்ட், நீயாவது சொல்லக் கூடாதா? பட்டறைக்கு வந்த தட்டு திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாதும்மா. வந்த அன்னைக்கே விளிம்புல ஓட்டை போட்டுடுவோம். ஓட்டையைப் பார்த்தா எந்தப் பொம்பளையும் அதுல மாவு ஊத்த மாட்டா. எங்க கிளப்புல சேரும்போது முதல் பாடமே அதான்."

பாஸ் பூவிதழ்க் கட்டிகளை மட்டும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். ஆறில் ஒன்றின் அடியில் பிறை நிலா வடிவில் ஒரு பள்ளம். அடுத்த ஆறிலும் ஒன்று. அதற்கடுத்த ஆறிலும். ஒரு குழியில் மட்டும் தட்டு உள்நோக்கி நசுங்கியிருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

பிறை விழுந்த ஒரு கட்டியைக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம் ஜானெல். ஓரினைப் பார்க்கணும்" என்றார். வண்டியில் ஏறியதும் அவரது கோட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கியது.  

ஓரின் எங்களைக் கராஜில் வைத்தே வரவேற்றார். மனிதர் பாதியாகிவிட்டிருந்தார். ஆனால் ஈயத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி, பால் கூடைகளில் இரண்டு வரிசைக்கு மேல் போகாமல் அடுக்கியிருந்தார். மர அலமாரியில் ஏற்றினால் என்றாவது ஒரு நாள் கால்மேல் விழும் என்றார். ஒவ்வொரு கட்டியிலும் சுத்த ஈயமா, கலப்பா என்று சுத்தியலால் அடித்த எழுத்து. பட்டறைக்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை, தனி சோப்பு. இந்தக் கராஜுக்குள் நாற்பது வருஷத்தில் ஒரு காப்பிக் கோப்பை வந்ததில்லை என்றார். என் கையிலிருந்த கோப்பையை அவர் பார்த்த பார்வையில் நான் வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

உலைப் பாத்திரத்துக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. வார்ப்பை நிறுத்திவிட்டார் என்பது நிஜம்தான். சுவரில் மூன்று ஆணி, மூன்று தட்டு. ஒன்று நீளம், ஒன்று குட்டிக் குழி, ஒன்று வழவழப்பான பெரிய குழி. மூன்றின் விளிம்பிலும் ஓட்டை. பூவிதழ்த் தட்டு எங்கும் இல்லை.

"இவ்வளவுதானா ஓரின்? நாலாவது ஒண்ணு இருந்திருக்குமே" என்று பாஸ் சாதாரணமாகக் கேட்டார்.

"இல்ல. எப்பவும் மூணுதான்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சுத்தமாக இருந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் முழு ஈயக்கட்டியை மறைக்கப் பார்க்கிறார். அதுவும் ஒன்றல்ல, நூறு.

வீட்டுக்குள் நடக்கும்போது பாஸின் காதில் சொன்னேன். பெண்டாட்டி இல்லை, கூட்டாளி இல்லை, இவரேதான் தனக்கு விஷம் வைத்துக்கொள்கிறார். ஓப்பல் போன துக்கம், மறுகல்யாணத்தில் நொந்துபோய், இப்படி ஏதாவது. பாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொல்றவங்க எல்லாரும் கொலைகாரங்கன்னா, உன்னை எப்பவோ தூக்குல போட்டிருக்கணும். அவர் வெக்கப்பட்டுப் பொய் சொல்றார், லாய்ட். எதுக்கு வெக்கப்படறார்னு தெரிஞ்சா கேஸ் முடிஞ்சுது."

பதினொன்றரைக்கு, சர்ச் முடிந்த கையோடு, டார்லீன் வந்தாள். எங்களைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையசைத்தாள்; ஜானெலைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். ஜானெலின் பக்கமே திரும்பவில்லை. கட்டம்போட்ட துணி மூடிய கூடையைச் சமையலறை மேஜைமேல் வைத்து, துணியை விலக்கினாள். ஹக்கிள்பெர்ரிப் பழம் போட்ட மஃபின். அன்று காலையில்தான் சுட்டிருக்க வேண்டும், வாசனை போகவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கிறதாம். அம்மா செய்கிற அதே பக்குவம், குழியில் காகிதம் வைக்காமல், வெண்ணெய் மட்டும் தடவி. சாப்பிடும் தட்டு ஒன்றை எடுத்தாள். ஒரே ஒரு மஃபினை வைத்து அப்பாவிடம் நகர்த்திவிட்டு, அவர் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கென்று எதிரில் உட்கார்ந்தாள்.

எனக்கு வாயில் நீர் ஊறியது. கை நீட்டினேன்.

"அது அப்பாவுக்கு மட்டும்" என்றாள் டார்லீன். தனக்குச் சர்க்கரை வியாதி, தொடமாட்டாளாம். மற்றவர்களுக்கு ஏன் கிடையாது என்று சொல்லவில்லை. ஜானெல் சிங்க் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். ஒன்றரை வருஷமாக ஞாயிறுதோறும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

பாஸ் ஓரினின் தட்டை அவர் முன்னாலிருந்து இழுத்தார். யாரும் எதுவும் சொல்வதற்குள் அந்த மஃபினைக் கவிழ்த்தார். அடி மட்டமாக இருந்தது. கூடையிலிருந்து இரண்டாவதை எடுத்துக் கவிழ்த்தார். மூன்றாவது, நான்காவது. "என்ன பண்றீங்க?" என்று டார்லீன் எழுந்தாள். ஐந்தாவது மஃபினின் அடியில், பொன்னிறமாக வெந்த மாவில், பிறை நிலா வடிவில் ஒரு பள்ளம். சுற்றிலும் பூவிதழ் மடிப்பு.

பாஸ் கோட் பையிலிருந்து ஈயக்கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். மஃபினுக்கும் ஈயத்துக்கும் நிறம் ஒன்றுதான் வித்தியாசம்.

"இந்தத் தட்டு உங்களுக்கு எங்க கிடைச்சுது, டார்லீன்?"

"எங்க அம்மாவோடது" என்றாள். குரல் உயர்ந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா சாமானை எடுக்க வந்தேன். கராஜ்ல, கீழ் அலமாரியில, துரு பிடிச்சுக் கெடந்தது. இந்த வீட்டுக்குப் புதுசா வரப்போறவளுக்காக எங்கம்மா தட்டைத் தூக்கிக் குப்பைல போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் தேச்சேன். துரு போய் அடியில வெள்ளி மாதிரி மின்னுச்சு. இந்தப் பள்ளம் மட்டும் அம்மா காலத்துல கிடையாது."

சொல்லி முடிக்கும்போதே அவள் பேச்சு மெதுவாகிவிட்டது. வெள்ளி மாதிரி மின்னியது தட்டில் படிந்திருந்த ஈயம் என்று அவளுக்கே புரிந்துவிட்டது. ஈயம் வார்க்கிறவன் மகள் அல்லவா. மஃபினையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பாஸ் ஓரினிடம் திரும்பினார்.

அவர் தலை நிமிரவே இல்லை. ஓப்பல் இறந்து இரண்டாவது குளிர்காலம். வீடு காலி. நாள் முழுக்க வார்த்தாராம். மூன்று தட்டு போதவில்லை. சமையலறைக்குப் போய் அவள் தட்டை எடுத்துவந்தார். முதல் வார்ப்பில் ஈயம் தட்டோடு ஒட்டிக்கொண்டது. சுத்தியலால் தட்டியதில் ஒரு குழி நசுங்கியது. பிறகு ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றே துரு ஏறவிட்டார். வார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"ஓட்டை போடத் துளைக்கருவியை எடுத்தேன். முடியல. அவ தட்டாச்சே. வார்த்ததே தப்பு, அதுல ஓட்டை வேற போடணுமான்னு அப்படியே அலமாரியில தள்ளிட்டேன்" என்றார்.

நாற்பது வருஷ சுத்தக்காரர். அவர் மீறிய ஒரே விதி அதுதான். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டார்லீனைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. நாங்கள் வந்திருக்காவிட்டால் நாளைக்கு இந்நேரம் அவள் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் கையால் சமைத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

கேஸ் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். பாஸ் எழவில்லை.

"ஓரின், அந்தக் குழியிலேர்ந்து நூறு கட்டியாவது கவிழ்த்திருப்பீங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் உங்களுக்கு அந்தப் பள்ளம் தெரியும். மஃபின்ல அதை எப்பப் பார்த்தீங்க?"

சிங்க் பக்கம் நின்றிருந்த ஜானெல் திரும்பினாள்.

ஓரின் ஈயக்கட்டியின் பள்ளத்தை விரலால் தடவினார். "பிப்ரவரியில" என்றார் கடைசியில். "ஒண்ணு கை தவறி விழுந்து கவிழ்ந்துது."

அதற்குப் பிறகு டார்லீன் முன்னால் ஒன்றைச் சாப்பிடுவாராம். மற்றதை அவள் போனதும் கொல்லைப்புறத்தில் புதைத்துவிடுவாராம். வாரத்துக்கு ஒன்று என்ன செய்துவிடும் என்று நினைத்திருக்கிறார். சொன்னால், அம்மாவின் தட்டில் ஈயம் காய்ச்சியது மகளுக்குத் தெரிந்துவிடும். ஜானெல் வந்த நாளிலிருந்து மகள் இந்த வீட்டுப் படி ஏறுவது அந்த மஃபினுக்காக மட்டும்தான். அதையும் நிறுத்திவிட்டால்?

"நாளைக்கு உங்க மனைவியை ஷெரிஃப் கூட்டிட்டுப் போறதா இருந்தது. அது தெரியுமா?" என்றார் பாஸ்.

அவருக்குத் தெரியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். 

டார்லீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். அப்பாவிடம் இல்லை. ஜானெலைப் பார்த்து, தரையைப் பார்த்து, மறுபடி ஜானெலைப் பார்த்து, "உங்களுக்கும் ஒண்ணு தட்டுல வெச்சிருக்கலாம் நான்" என்றாள்.

"வெச்சிருந்தா எனக்கும் ஏறியிருக்கும்" என்றாள் ஜானெல். குரலில் கோபமே இல்லை. "ரெண்டு பேருக்கும் ஏறியிருந்தா டாக்டர் சாப்பாட்டைத்தான் முதல்ல பார்த்திருப்பார். போன வருஷமே முடிஞ்சிருக்கும்."

டார்லீன் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நல்ல பெண்தான். அப்பாமேல் உயிரையே வைத்திருப்பவள். அந்தப் பாசத்தில் மற்றவளுக்கு ஒரு துண்டுகூடக் கிள்ளிக் கொடுக்க மனம் வராததுதான் அவள் செய்த ஒரே குற்றம். அதைச் சட்டத்தில் எழுத இடமில்லை.

ஜானெல் அவளைத் தேற்றப் போகவில்லை. ஓரினின் கோட்டை எடுத்துவந்து அவருக்கு மாட்டிவிட்டாள். மணிக்கட்டு துவண்ட கை கோட்டுக்குள் நுழைய நேரமாயிற்று, பொறுமையாக நுழைத்துப் பொத்தான் போட்டுவிட்டாள். பரிசோதனைச் சீட்டுகளை டார்லீனின் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். ரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்க மருந்து இருக்கிறது, மிசூலா ஆஸ்பத்திரியில் ஞாயிறும் பார்ப்பார்கள் என்று பாஸ் சொன்னார். அந்தத் தட்டை எடுத்துவருகிற வேலை எனக்கு வந்தது. டார்லீன் தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் ஜானெல் தன் கார் சாவியை டார்லீனிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. நான் இப்ப ஓட்டற நிலைமைல இல்ல."

ஓரின் முன்னால் ஏறி, இருக்கையில் ஒதுங்கி, பக்கத்தில் ஜானெலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். பழைய கார், முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஜானெல் பின்கதவைத் திறந்து, நீலப் பெட்டியைத் தள்ளிவிட்டு, அங்கே உட்கார்ந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஜானெல், முன்னாடி வாயேன்" என்றார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு மாசம், ஓரின்" என்றாள். "ஏழு மாசம் உங்களுக்குத் தெரியாம உங்க ஈயத்தைச் சுமந்தேன். நான்தான் உங்களைக் கொல்றேனோன்னு நினைச்சுக்கிட்டே சுமந்தேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே தின்னுட்டு இருந்திருக்கீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வண்டியை எடு, டார்லீன்" என்றாள்.